உடையவனே கடனாளி!



ஜனாஸாத் தொழுகைக்கு ஸஃப் கட்டி நிற்கும் வேளையில் நம்மூர்ப் பள்ளிவாசல்களில் ஓர் அறிவிப்பு ஒலிப்பதுண்டு. மறைந்தவரின் மகனோ சகோதரரோ முன்னால் வந்து நிற்பார். மய்யித்து எவருக்கேனும் கடன் தரவேண்டியிருந்தால், அதற்குத் தாம் பொறுப்பு என்றும், தம்மிடம் வந்து பெற்றுக்கொள்ளலாம் என்றும் தழுதழுத்த குரலில் கூறுவார். பின்னர் இமாம் தக்பீர் கட்டுவார். நீங்களும் இதனைப் பன்முறை கேட்டிருப்பீர்கள். உங்களுள் சிலர் அவ்விடத்தில் நின்று கூறியும் இருப்பீர்கள்.

இந்த ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதப் புகுந்த மாணவன் ஒருவன் செய்த சிறு பிழைதான் இக்கட்டுரைக்கு வித்து.

மாணவனின் பிழை

எங்கள் மத்ரஸாவில் ஓதிமுடித்த பின் மாலை வேளையில் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் கற்பிக்கின்றோம். அன்றாடம் காதில் விழும் பத்து வாக்கியங்களை ஆங்கிலத்தில் எழுதி வருமாறு ஒருநாள் கூறியிருந்தேன். அண்மையில் பாட்டனாரை இழந்திருந்த ஒரு மாணவன், தன் தந்தை பள்ளிவாசலில் செய்த அந்த அறிவிப்பையே பத்தாவது வாக்கியமாக எழுதி வந்தான்.

‘கடன்பட்டிருத்தல்’ என்பதற்கு ஆங்கிலத்தில் ‘ஓ’ என்றொரு வினைச்சொல் உண்டு. ஓ, டபிள்யூ, ஈ ஆகிய மூன்றெழுத்துகளால் ஆன சின்னஞ்சிறு சொல். மாணவனோ கடைசி எழுத்தை மாற்றி, ஓ, டபிள்யூ, என் என்று எழுதிவிட்டான். அது ‘ஓன்’ ஆகிவிட்டது. ‘ஓன்’ என்றால் ‘உடைமையாகக் கொண்டிருத்தல்’. என் பாட்டனார் உங்கள் பணத்துக்குக் கடன்பட்டிருந்தால் என்று வரவேண்டிய இடத்தில், உங்கள் பணத்தை உடைமையாகக் கொண்டிருந்தால் என்று பொருள் மாறிப்போயிற்று.

சிவப்பு மையால் அடிக்கோடிட்டுத் திருத்திக் கொடுத்தேன். ஆயினும் அன்றிரவு என் மனம் ஒப்பவில்லை. கடன்பட்டவன் பிறர் பணத்தைத் தன் கையில் வைத்திருப்பவன்தானே? பையன் எழுதியதில் என்ன தவறு? இவ்வெண்ணம் உறுத்தவே அகராதியை எடுத்துப் புரட்டினேன். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் அம்மாணவன் இங்கிலாந்தில் அமர்ந்து எழுதியிருந்தால், அவனுக்கு எந்த ஆசிரியரும் சிவப்புக் கோடு போட்டிருக்க முடியாது என்பதை அங்கே கண்டேன்.

இன்றைய பொருள்கள்

முதலில் இச்சொல்லின் இன்றைய வழக்கைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். இல்லத்திலுள்ள மாணவச் செல்வங்களுக்கும் இது பயன்படும்.

தமிழில் ‘கடன்’ என்ற ஒரே பெயருடன் வாங்கு, கொடு, படு ஆகிய வினைகளைச் சேர்த்துப் பேசிவிடுகின்றோம். ஆங்கிலத்தில் இவற்றுக்குத் தனித்தனி வினைகள் உள்ளன. கடன் வாங்குவது ‘பாரோ’. கடன் கொடுப்பது ‘லெண்ட்’. வாங்கிய பின் திருப்பிக் கொடுக்கும் வரை நீடிக்கும் நிலையே ‘ஓ’. முன்னைய இரண்டும் ஒரு கணத்தில் முடிந்துவிடும் செயல்கள். மூன்றாவதோ உறங்கினாலும் விழித்தாலும், ஊரில் இருந்தாலும் வெளிநாடு சென்றாலும் மனிதனை விட்டகலாத ஒரு நிலை.

பணத்துக்கு மட்டுமன்றி வேறு சிலவற்றுக்கும் இவ்வினை ஆளப்படுகிறது. ஒருவர் தம் உயர்வுக்குக் காரணமான ஆசிரியரைக் குறிப்பிட்டு, இவ்வுயர்வை அவருக்கே நான் ‘ஓ’ செய்கின்றேன் என்பார். அங்கே அது நன்றிக்கடன். தவறிழைத்தவர் தாம் ஒரு மன்னிப்பை ‘ஓ’ செய்வதாகக் கூறுவார். அங்கே அது செய்தே தீரவேண்டிய கடமை. ‘ஓயிங் டு’ என்று வரும்போது ‘இதன் காரணமாக’ என்று பொருள்படும். கடன் வாங்கியவர் எழுதித் தரும் துண்டுச்சீட்டுக்கு ஆங்கிலேயர் ‘ஐ.ஓ.யூ.’ என்று பெயரிட்டனர். ‘நான் உமக்குக் கடன்பட்டுள்ளேன்’ என்னும் வாக்கியத்தின் ஒலியை மூன்றே எழுத்துகளில் அடக்கிய பெயர் அது.

ஒரே வேர், மூன்று கிளைகள்

இனி இதன் பிறப்பைப் பார்ப்போம். ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டு முதல் 12ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை வழங்கிய ஆங்கிலத்தைப் ‘பழைய ஆங்கிலம்’ என்பர். அதில் ‘ஆகன்’ என்றொரு வினை இருந்தது. ‘உடையவனாயிருத்தல், கைவசம் வைத்திருத்தல்’ என்பதே அதன் பொருள். கடன் என்ற கருத்து அதில் தொடக்கத்தில் இல்லை.

நிலம் உடையவன், ஆடு மாடு உடையவன், வீடு உடையவன் என்று சொல்ல வேண்டிய இடங்களில் அவ்வினை வந்தது. இன்னும் பின்னோக்கிச் செல்லும் மொழிநூலார், வடமொழியில் தலைவன், உடையவன் என்னும் பொருளில் வரும் ‘ஈச’ என்ற சொல்லையும் இதன் தொலைதூர உறவாகக் காட்டுவர். ஆக, இச்சொல் பிறக்கும்போது ஆண்டானின் வீட்டில் பிறந்தது. கடனாளியின் குடிசையில் அன்று.

இந்த ‘ஆகன்’ என்னும் வேரிலிருந்து இன்றைய ஆங்கிலத்தில் மூன்று கிளைகள் விரிந்துள்ளன. நிகழ்கால வடிவம் ‘ஓ’ ஆயிற்று. ‘சொந்தமான’ என்று பொருள்பட்ட ‘ஆகென்’ என்னும் வடிவம் ‘ஓன்’ ஆயிற்று. இறந்தகால வடிவமாகிய ‘ஆஹ்தெ’ என்பது ‘ஆட்’ ஆயிற்று. ஓ, யூ, ஜி, எச், டி என்று எழுதப்படும் அச்சொல்லுக்கு ‘செய்யக் கடமைப்பட்டிருத்தல்’ என்று பள்ளியில் படித்திருப்பீர்கள்.

பழைய ‘ஆ’ எவ்வாறு ‘ஓ’ ஆயிற்று என்று கேட்கலாம். அது அம்மொழியின் ஒலிமாற்ற விதி. ‘ஸ்தான்’ என்ற பழஞ்சொல் ‘ஸ்டோன்’ ஆனதும், ‘ஹாம்’ என்பது ‘ஹோம்’ ஆனதும் அவ்விதியினால்தான்.

உடைமை, கடன், கடமை ஆகிய மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதை எண்ணிப் பாருங்கள்!

உடைமை கடனான விதம்

‘வைத்திருப்பவன்’ என்னும் சொல் ‘கொடுக்க வேண்டியவன்’ என்று எப்படி மாறியது?

பழைய ஆங்கிலத்தின் பிற்பகுதியில், ‘கடன்பட்டிருத்தல்’ என்னும் இலத்தீன் வினையை மொழிபெயர்க்க, ‘ஆகன்’ என்பதோடு ‘கொடுப்பதற்கு’ என்ற சொல்லையும் சேர்த்து எழுதினர். ‘கொடுப்பதற்காக வைத்திருத்தல்’ என்பது அத்தொடரின் நேர்ப்பொருள். 12ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ‘கொடுப்பதற்கு’ என்ற பகுதி தேய்ந்து மறைந்தது. ‘ஆகன்’ மட்டுமே தனித்து நின்று கடன்பட்டிருத்தலைக் குறிக்கலாயிற்று.

இது வியப்பாகத் தோன்றினால் இன்றைய ஆங்கிலத்தையே கவனியுங்கள். ‘ஹேவ்’ என்றால் வைத்திருத்தல். அதனுடன் ‘டு’ சேர்ந்து ‘ஹேவ் டு’ ஆனவுடன் ‘செய்தாக வேண்டும்’ என்று பொருள் மாறிவிடுகிறது. அன்று ‘ஆகன்’ நடந்த அதே பாதையில் இன்று ‘ஹேவ்’ நடந்துகொண்டிருக்கிறது.

பழைய பொருள் ஒரே நாளில் மறையவில்லை. நூற்றாண்டுகள் பல ‘ஓ’ என்னும் சொல் இரு பொருள்களையும் சுமந்து திரிந்தது. ஷேக்ஸ்பியர் (1564–1616) தம் நாடகங்களில் ‘உடைமையாகக் கொண்டிருத்தல்’ என்ற பொருளிலும் இதனை ஆண்டுள்ளார். 1611ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னர் ஜேம்ஸின் ஆதரவில் வெளிவந்த பைபிள் மொழிபெயர்ப்பில், வீட்டுக்கு உரியவனைக் குறிக்க ‘ஓ’ என்ற வினையே அச்சிடப்பட்டிருந்தது. பிற்காலத்தவர் அதனை வாசித்தால் வீட்டுக்காகக் கடன்பட்டவன் என்று பொருள் கொள்வர் அல்லவா? எனவே பின்னைய பதிப்புகளில் அதனை ‘ஓன்’ என்று திருத்தினர்.

அங்கே அச்சகத்தார் ‘ஓ’ என்பதை ‘ஓன்’ ஆக்கினர். என் மாணவன் செய்ததும் அதுவே. அவர்கள் செய்தது திருத்தம். இவன் செய்தது பிழை. இடையே ஓடியது காலம் மட்டுமே!

இறந்த காலத்தில் பிறந்த கடமை

‘ஆட்’ என்னும் சொல்லைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். இதன் நடுவிலுள்ள ஜி, எச் ஆகிய இரண்டெழுத்துகள் இன்று ஒலிப்பதில்லை. ‘ஒலிக்காத எழுத்தை ஏன் எழுத வேண்டும், ஹஜ்ரத்?’ என்று பிள்ளைகள் சலித்துக்கொள்வர். முற்காலத்தில் அவ்விடத்தில் அரபியின் ‘ஃகா’ போன்று தொண்டையை உரசி வரும் ஓர் ஒலி இருந்தது. ஒலி போய்விட்டது, எழுத்து நிற்கிறது. குடியிருந்தவர் காலிசெய்த பின்னும் கதவில் தொங்கும் பெயர்ப்பலகை போன்றது அது.

இச்சொல்லுக்கு இறந்தகால வடிவம் ஏன் இல்லை என்பதும் மாணவர்களின் ஐயம். இதுவே ஓர் இறந்தகால வடிவம்தான்! ‘கடன்பட்டிருந்தான்’ என்னும் பொருளிலேயே ஷேக்ஸ்பியர் காலத்தில் இது வழங்கியது. நாளடைவில் பணத்தொடர்பு நீங்கி, ‘செய்ய வேண்டும்’ என்ற பொருள் மட்டும் எஞ்சியது. ஆகவே ஆங்கிலேயர் ஒருவர் ‘நான் இதைச் செய்யக் கடமைப்பட்டவன்’ என்று கூறும்போது, என்றோ பட்ட ஒரு கடனையே அறியாமல் குறிப்பிடுகிறார்.

‘ஷல்’ என்ற துணைவினைக்கும் பழைய ஆங்கிலத்தில் ‘கடன்பட்டிருத்தல்’ என்ற பொருள் இருந்தது. அதன் உறவான ஜெர்மானியச் சொல் ‘ஷுல்ட்’ இன்றும் கடனையும் குற்றத்தையும் ஒருங்கே குறிக்கின்றது.

இலத்தீனிலும் நிலை இதுவே. அங்கே ‘ஹபேரே’ என்றால் வைத்திருத்தல். ‘ஒருவரிடமிருந்து’ என்னும் முன்னொட்டு அதனுடன் கூடி ‘தேபேரே’ ஆகும்போது கடன்பட்டிருத்தல் என்று பொருள். பிறருடையதை அவரிடமிருந்து விலக்கி வைத்துக்கொண்டிருப்பவனே கடனாளி என்பது அதன் உட்கருத்து. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின், பிரெஞ்சு மொழியின் வழியாக இவ்வேரின் சொற்கள் ஆங்கிலத்தில் குடியேறின. கடனைக் குறிக்கும் ‘டெட்’, நிலுவையைக் குறிக்கும் ‘டியூ’, கடமையைக் குறிக்கும் ‘டியூட்டி’ ஆகிய மூன்றும் அவ்வழி வந்தவையே. ‘டெட்’ என்பதன் நடுவே ஒலிக்காமல் நிற்கும் ‘பி’ என்ற எழுத்து, இலத்தீன் மூலத்தை நினைவூட்டப் பிற்காலப் புலவர்கள் செருகியது. பிரெஞ்சு மொழியில் கடமையைக் குறிக்கும் சொல்லின் பன்மையே பள்ளிப் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்துக்கும் பெயர்.

நம் தமிழும் அரபியும்

இவையெல்லாம் மேல்நாட்டார் மொழிகளின் விந்தை என்று நினைத்துவிட வேண்டாம். நம் அன்னைத் தமிழில் ‘கடன்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். வாங்கிய பணத்துக்கும் கடன் என்கின்றோம். காலைக்கடன், இறுதிக்கடன், நன்றிக்கடன் என்று செய்ய வேண்டியவற்றுக்கும் கடன் என்கின்றோம். ‘கடமை’ என்பது இதன் உறவுச்சொல்லே. சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘கடமை’ என்பது நிலவரியைக் குறித்தது. நிலத்தை உடையவன் அதற்காகச் செலுத்த வேண்டியது கடமை! உடைமையும் கடமையும் நம் மொழியிலும் அருகருகே நின்றிருக்கின்றன.

அரபி மொழிக்கு வருவோம். கடனுக்கு அங்கே ‘தைன்’ என்று பெயர். மார்க்கத்துக்கு ‘தீன்’ என்று பெயர். தால், யா, நூன் என்னும் மூன்றெழுத்துகளே இரண்டுக்கும் வேர். இப்னு மன்ளூர் அவர்களின் ‘லிஸானுல் அரப்’ போன்ற பேரகராதிகள் கடன்படுதல், கீழ்ப்படிதல், கைம்மாறு பெறுதல் ஆகிய பொருள்களை இந்த ஒரே வேரின் கீழ்த் தருகின்றன. நாம் அன்றாடம் தொழுகையில் ஓதும் ஸூரத்துல் ஃபாத்திஹாவில் ‘யவ்முத்தீன்’ என்று வருவது கணக்குத் தீர்க்கப்படும் அந்நாளையே குறிக்கிறது.

மற்றொரு நுட்பம். அரபியில் உடைமையையும் கடனையும் அன்றாட வழக்கில் உணர்த்தத் தனி வினையே தேவையில்லை; இரண்டு சிறிய இடைச்சொற்கள் போதும். ‘லீ’ என்றால் எனக்கு உரியது. ‘அலைய்ய’ என்றால் என் மீது உள்ளது. எனக்கு உரியதைச் சொல்ல முன்னது. நான் தர வேண்டியதைச் சொல்லப் பின்னது. ஸூரத்துல் பகராவின் இறுதி வசனம், ஒவ்வோர் ஆன்மாவும் சம்பாதித்த நன்மையை அதற்கு உரியதாகவும், தேடிக்கொண்ட தீமையை அதன் மீதுள்ளதாகவும் இதே இரு இடைச்சொற்களாலேயே பிரித்துக் காட்டுகிறது.

அதே அத்தியாயத்தின் 282ஆம் வசனம் திருக்குர்ஆனிலேயே மிக நீளமானது. அது தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதன்று. கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது! தவணையைக் குறித்து எழுத வேண்டும். எழுதுபவர் நீதியுடன் எழுத வேண்டும். சாட்சிகள் இருக்க வேண்டும். தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சோம்பக் கூடாது என்று அது பணிக்கிறது. எழுத வேண்டிய வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் யார் தெரியுமா? கடன் கொடுத்தவர் அல்லர், வாங்கியவர்! அவரை அவ்வசனம் ‘எவர் மீது உரிமை இருக்கிறதோ அவர்’ என்ற பொருள்பட அழைக்கிறது. தம் மீதுள்ள பாரத்தைத் தம் வாயாலேயே அவர் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நம் கையில் இருப்பது எவருடையது?

சகோதர சகோதரிகளே! இத்தனை மொழிகளின் சொற்களும் ஒரே உண்மையைச் சுட்டுகின்றன. ‘வைத்திருக்கிறேன்’ என்று நாம் சொல்லும்போதே, ‘கொடுக்க வேண்டியிருக்கிறது’ என்பதும் அதனுள் அடங்கிவிடுகிறது.

இதனை நம் மார்க்கம் தெளிவாகவே கூறிவிட்டது. செல்வத்தில் கேட்பவருக்கும் கேட்காத வறியவருக்கும் அறியப்பட்ட ஓர் உரிமை உண்டென்பது ஸூரத்துல் மஆரிஜ் (70:24,25) தரும் போதனை. உரிமை என்றால் அது நாம் இரங்கி இடும் பிச்சையன்று. நம் கையிலிருக்கும் அவர்களுடைய பொருள். மனிதன் தன்னிடம் உள்ள செல்வத்துக்குப் பிரதிநிதியாகவே ஆக்கப்பட்டுள்ளான் என்று ஸூரத்துல் ஹதீத் (57:7) உணர்த்துகிறது. மெய்யான உடையவன் அல்லாஹ் ஒருவனே. மக்காவை விட்டு நாயகம் (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் புறப்பட்ட நெருக்கடியான இரவிலும், தம்மிடம் மக்கள் ஒப்படைத்திருந்த அமானிதங்களைத் திருப்பித் தருவதற்கென அலீ (ரலி) அவர்களை நிறுத்திச் சென்றதை நாம் அறிவோம்.

அல்லாஹ்வுக்குச் செய்யும் வணக்கமும் கடனே. ஹஜ் செய்ய நேர்ந்துகொண்டு அதை நிறைவேற்றாமல் மரணித்த தாயைப் பற்றி அவருடைய மகள் வினவியபோது, தாய்க்கு மனிதர்களிடம் கடன் இருந்தால் நீ அடைத்திருப்பாய் அல்லவா என்று கேட்ட நபி (ஸல்) அவர்கள், அல்லாஹ்வின் கடன் அடைக்கப்பட அதனினும் தகுதி வாய்ந்தது என விளக்கினார்கள்.

மனிதர்களின் கடனையோ எளிதாகக் கடந்துவிட முடியாது. ஒருமுறை ஒன்றன்பின் ஒன்றாக மூன்று ஜனாஸாக்கள் நபி (ஸல்) அவர்களிடம் கொண்டுவரப்பட்ட நிகழ்ச்சி ஸஹீஹ் புகாரியில் பதிவாகியுள்ளது. முதலாமவருக்குக் கடன் இல்லை, தொழவைத்தார்கள். இரண்டாமவருக்குக் கடன் இருந்தது, ஆனால் அவர் மூன்று தீனார்களை விட்டுச் சென்றிருந்தார், தொழவைத்தார்கள். மூன்றாமவருக்கோ மூன்று தீனார் கடன். விட்டுச் சென்றது ஏதுமில்லை. உங்கள் தோழருக்கு நீங்களே தொழுதுகொள்ளுங்கள் என்று கூறிவிட்டார்கள்! அப்போது அபூ கதாதா (ரலி) அவர்கள் அக்கடன் தம் மீது என்று ஏற்றுக்கொண்ட பின்னரே அவருக்கும் தொழவைத்தார்கள். பிற்காலத்தில் வெற்றிகள் கிட்டியபோது, கடனுடன் இறப்பவரின் கடனைத் தாமே ஏற்பதாக அண்ணலார் அறிவித்தார்கள்.

பள்ளிவாசலில் வாரிசு எழுந்து நின்று ‘நான் பொறுப்பு’ என்று கூறும் நம்மூர் வழக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் அபூ கதாதா (ரலி) அவர்களின் அந்தச் சொல்லே எனக்கு நினைவுக்கு வருகிறது. அழகிய வழக்கம் அது. ஆனால்…

அறிவிப்பு எவர் செவிக்கு?

பிழைக்கான காரணத்தையும் சொல்லின் கதையையும் மறுநாள் வகுப்பில் விளக்கினேன். அம்மாணவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்படியென்றால் வாப்பா சொன்னது எங்கள் பாட்டிமாவுக்குக் கேட்டிருக்குமா, ஹஜ்ரத்?” என்று கேட்டான்.

நான் விடை கூற இயலாமல் நின்றேன்.

அவனுடைய பாட்டி வீட்டின் உள்ளறையில் இத்தாவில் அமர்ந்திருக்கிறார். பள்ளிவாசலில் கூறப்பட்டதை அவர் எவ்வாறு கேட்டிருப்பார்? ஸஃப்பில் நிற்கும் ஆண்களுக்குத்தான் நாம் அறிவிக்கின்றோம். மறைந்தவருக்கு மிக நெருங்கிய கடன்காரர்களோ பெரும்பாலும் பெண்கள்! செலுத்தப்படாத மஹருக்கு உரியவள் மனைவி. அடகுக்குப் போய் மீளாத வளையலுக்கு உரியவளும் அவளே. பெற்றோரின் சொத்தில் பங்கு தரப்படாத சகோதரிக்கும் அவர் கடனாளிதான். அன்றாடம் வாசலுக்கு இடியாப்பம் கொண்டுவந்து, கணக்கை மனத்திலேயே வைத்திருக்கும் மூதாட்டியும் உண்டு. இவர்களுள் எவர் காதிலும் அந்த அறிவிப்பு விழுவதில்லை. விழுந்தாலும் துக்க வீட்டில் வாய்திறந்து கேட்க இவர்களுக்கு நாணம் இடம் தருவதில்லை.

மஹர் என்பது மண ஒப்பந்தத்தால் கணவன் மீது ஏற்படும் கடன். தஃப்தரில் எழுதப்பட்டும் கொடுக்கப்படாமலிருந்தால் மற்றக் கடன்களைப் போன்றே அதுவும் அவர் விட்டுச் சென்ற பொருளிலிருந்து அடைக்கப்பட வேண்டும். கஃபன், அடக்கச் செலவுகளுக்குப் பின் கடன். அதன் பின் மூன்றிலொரு பங்கை மீறாத வஸிய்யத். அதற்கும் பின்னரே வாரிசுப் பங்கீடு. இதுவே ஷரீஅத் வகுத்த வரிசை. பங்கிட்ட பின்னர்க் கடன் இருந்தது தெரியவந்தால், வாரிசுகள் தாம் பெற்ற பங்கிலிருந்து அதனைத் தீர்க்க வேண்டும்.

சில ஊர்களில் மய்யித்தைத் தூக்கும் முன் மனைவியிடம் சென்று மஹரை மாஃப் செய்யும்படி கேட்கின்றனர். அழுது சோர்ந்திருக்கும் அவ்வேளையில் அவள் தலையசைப்பது மனமுவந்த விட்டுக்கொடுத்தல் ஆகுமா? பெண்கள் தாமாகவே மனநிறைவுடன் விட்டுத் தந்தால்தான் அதனை ஏற்கலாம் என்று ஸூரத்துன் நிஸா (4:4) நிபந்தனை விதித்திருப்பதை மறந்துவிடலாமா?

வாசகர்களே! பிறருக்கு அறிவுரை கூறும் இடத்தில் என் குறையை மறைப்பது நேர்மையாகாது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் என் தந்தையார் மறைந்தபோது அதே அறிவிப்பை நானும் செய்தேன். இருவர் வந்தனர், அவர்களுக்குரியதைக் கொடுத்தோம். கடன் தீர்ந்தது என்ற நிம்மதியுடன் பாகப்பிரிவினையும் செய்துகொண்டோம். உம்மாவிடம் மட்டும் எவரும் கேட்கவில்லை.

மாணவனின் கேள்வி உறுத்தியதால் அவ்வாரம் ஊருக்குச் சென்று உம்மாவிடம் அமர்ந்து கேட்டேன். உம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “நீ பி.ஏ. சேர்ற வருஷம் என் ரெண்டு பவுன் சங்கிலியை வாங்கிட்டுப் போனாங்க. திருப்பிச் செஞ்சு தர்றேன்னு சொன்னாங்க. பாவம், அவங்களுக்கு வசதிப்படலை. இப்பவாவது கேட்டியே தம்பி” என்றார்கள்.

என் பெயருக்குப் பின்னால் நான் பெருமையுடன் எழுதிக்கொள்ளும் பட்டம் அது. இத்தனை ஆண்டுகளாக அதனை என் உடைமை என்றே எண்ணியிருந்தேன். உடைமைக்கும் கடனுக்கும் ஒரே சொல்லை வைத்திருந்த அந்தப் பழங்கால ஆங்கிலேயர் என்னைவிட அறிவாளிகள் என்று அன்று தோன்றியது.

உம்மா விட்டுக்கொடுத்துவிடுவதாகவே கூறினார்கள். உடனே ஏற்றுக்கொள்ள எங்களுக்கு மனம் வரவில்லை. உடன்பிறந்தோர் கூடிப் பேசி, அவரவர் பெற்ற பங்குக்கு ஏற்ப ஈந்து, இரண்டு பவுனில் சங்கிலி செய்து உம்மாவின் கையில் கொடுத்தோம். கழுத்தில் அணிவார்களோ, பேத்திக்குக் கொடுப்பார்களோ, அது அவர்களுடைய விருப்பம். உடையவர் அவர்களே அல்லவா?

செய்ய வேண்டியவை அரியவை அல்ல. ஒரு குறிப்பேட்டை எடுத்து, ஒரு பக்கத்தில் நமக்கு வர வேண்டியவற்றையும் மறுபக்கத்தில் நம் மீதுள்ளவற்றையும் எழுதுவோம். மறுபக்கத்தின் முதல் வரியில் மனைவியின் மஹர் இருக்கிறதா என்று பார்ப்போம். அடுத்த வரியில் சகோதரியின் பங்கு. அதற்கடுத்து அடகு நகை, கடைப் பாக்கி, கூலி. நாம் கண்மூடிய பின் நம் பிள்ளைகள் பள்ளிவாசலில் அறிவிப்பதோடு நில்லாமல், வீட்டினுள்ளும் சென்று ஒவ்வொரு பெண்ணிடமும் கேட்க வேண்டும் என்று இப்போதே சொல்லி வைப்போம். அவர்களுக்கு அந்த வேலையே இல்லாதபடி நாமே தீர்த்துவிட்டால் இன்னும் நன்று.

அம்மாணவனின் ஏட்டில் நான் போட்ட சிவப்புக் கோட்டை அழிக்கவில்லை. தேர்வில் அப்படி எழுதினால் மதிப்பெண் குறையும். ஆனால் அதன் ஓரத்தில், ‘இலக்கணத்தில் பிழை, கருத்தில் பிழையில்லை’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

நம் கையிலிருப்பவற்றுள் எது எவருடையது என்பதை உயிருள்ளபோதே உணர்ந்து, உரியவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கடனற்றவர்களாகத் தன்னைச் சந்திக்கும் நற்பேற்றை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் நல்கியருள்வானாக! ஆமீன்.